பின்னக் கணக்கு பிழைத்தால்: விடையைப் பார்த்தே காரணத்தைப் பிடிப்பது

பிழையான விடைக்கு மேல் சிவப்புக் கோடு போட்டு, பக்கத்தில் சரியான விடையை எழுதிக் கொடுத்தால் அந்த ஒரு கணக்கு மட்டும்தான் திருந்தும். அடுத்த கணக்கில் அதே பிழை திரும்ப வரும். அழிக்க முதல் அந்தப் பிழையான விடையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பின்னத்தில் பிழைகள் கண்டபடி வருவதில்லை. 1/4 + 1/5 என்ற கணக்குக்கு 2/9 என்று எழுதிய பிள்ளை ஒரு வழியால் வந்திருக்கிறது. 2/20 என்று எழுதிய பிள்ளை வேறொரு வழியால் வந்திருக்கிறது. இருவருக்கும் ஒரே விளக்கத்தைச் சொன்னால் ஒருவருக்காவது அது உதவாது.

தரம் 5, 6 பிள்ளைகளை வீட்டில் இருத்திச் சொல்லிக்கொடுக்கும் அம்மா அப்பாவுக்கும், தம்பி தங்கையின் கொப்பியைப் பார்க்கும் அண்ணா அக்காமாருக்கும் இதை எழுதுகிறேன். சாதாரண தரத்துக்கு ஆயத்தமாகிறவர்களும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். அட்சரகணிதத்தில் முட்டுப்படுகிற பலருக்கு உண்மையான முட்டு பின்னத்தில்தான் இருக்கிறது.

உதாரணங்களைக் காணியில் இருந்து எடுத்திருக்கிறேன். வன்னியில் ஏக்கர், றூட், பேர்ச் என்ற பேச்சைக் கேட்காமல் வளரும் பிள்ளை குறைவு. 40 பேர்ச் ஒரு றூட், 4 றூட் ஒரு ஏக்கர், ஆகவே ஒரு ஏக்கர் 160 பேர்ச். யாழ்ப்பாணத்துக் கணக்கில் பேசும் வீடுகளில் பரப்பும் வரும்: 16 பரப்பு ஒரு ஏக்கர், ஒரு பரப்புக்கு 10 பேர்ச். 160 என்பது பின்னத்துக்கு வாய்ப்பான எண். பாதி, கால், ஐந்தில் ஒன்று, எட்டில் ஒன்று, பத்தில் ஒன்று, பதினாறில் ஒன்று எல்லாம் முழு எண்ணாக வந்து விழும். கோட்டுக்கு மேலே உள்ளதைத் தொகுதி எண் என்றும் கீழே உள்ளதைப் பகுதி எண் என்றும் பாடப்புத்தகத்தில் உள்ளபடியே சொல்கிறேன்.

கூட்டிய பிறகு விடை சின்னதாகிவிட்டது

1/4 + 1/5 = 2/9 என்று கொப்பியில் இருக்கிறது.

பேர்ச்சில் போட்டுப் பாருங்கள். கால் ஏக்கர் 40 பேர்ச். ஐந்தில் ஒரு ஏக்கர் 32 பேர்ச். சேர்த்தால் 72. ஆனால் 2/9 ஏக்கர் 36 பேர்ச்கூட வராது. கால் ஏக்கர் வைத்திருந்தவர் பக்கத்துத் துண்டையும் சேர்த்து வாங்கிய பிறகு அவருடைய காணி சுருங்கிப்போய்விட்டது. இதைச் சொன்னால் பிள்ளை சிரிக்கும். ஆனால் சிரித்த பிள்ளை அடுத்த கணக்கிலும் அப்படியே கூட்டும், ஏனென்றால் அதற்கு அந்த வழி நியாயமாகப் படுகிறது.

"ஏன் பிள்ளை கீழையும் கூட்டினனீர்?"

"மேலை கூட்டினா கீழையும் கூட்டத்தானே வேணும், சேர்."

இந்தப் பதிலில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. முதல் சோதனையில் 4 கேள்வியில் 1 சரி, அடுத்த சோதனையில் 5 கேள்வியில் 1 சரி என்றால், மொத்தமாக 9 கேள்வியில் 2 சரி. அங்கே மேலும் கீழும் கூட்டுவதுதான் சரி. பிள்ளை வேறொரு கேள்விக்கான சரியான விடையை எழுதியிருக்கிறது. புள்ளிகளைச் சேர்க்கும்போது கேள்விகளின் மொத்தமும் கூடிக்கொண்டே போகிறது. காணியைச் சேர்க்கும்போது ஏக்கரின் அளவு கூடுவதில்லை. 160 பேர்ச் 160 பேர்ச்சாகவே நிற்கிறது. இந்த வேறுபாட்டை வாய்விட்டுச் சொல்லிக்கொடுங்கள். "அது விதி, அப்படித்தான் செய்ய வேண்டும்" என்பதால் பிள்ளையின் மனதில் உள்ள நியாயம் அசையாது.

இந்தப் பிழையைப் பிடிக்க ஓர் அடையாளம் உண்டு. சமமில்லாத எந்த இரண்டு பின்னங்களை எடுத்து மேலும் கீழும் கூட்டினாலும் விடை அந்த இரண்டுக்கும் நடுவில் போய் விழும். 2/9 என்பது 1/5 ஐ விடப் பெரிது, 1/4 ஐ விடச் சின்னது. கூட்டல் விடை, கூட்டிய எண்களில் பெரியதை எட்டாமல் நின்றால் அது நிச்சயம் பிழை; இரண்டுக்கும் நடுவில் நின்றால் முதலில் இந்தக் காரணத்தைச் சந்தேகியுங்கள்.

திருத்தம்: ஒரு செவ்வகம் கீறி, அதை 4 நிரலாகவும் 5 நிரையாகவும் பிரிக்கச் சொல்லுங்கள். 20 கட்டம் வரும். ஒரு நிரலை எண்ணினால் 5 கட்டம், அது 1/4. ஒரு நிரையை எண்ணினால் 4 கட்டம், அது 1/5. எல்லாக் கட்டமும் ஒரே அளவு என்பதால் இப்போது கூட்டலாம்: 5/20 + 4/20 = 9/20. பேர்ச்சில் சரிபார்த்தால் 160 இன் இருபதில் ஒன்று 8, ஒன்பது தரம் 72. சரி வந்துவிட்டது.

பழைய தமிழ்க் கணக்கில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்கவில்லை. மா என்பது 1/20, காணி 1/80, முந்திரி 1/320, வீசம் 1/16. எல்லாமே 320 இல் முழுசாக அடங்கும். கால் என்றால் 5 மா, ஐந்தில் ஒன்று நாலு மா, கூட்டினால் 9 மா. பொதுப் பகுதி எண்ணைத் தேடித் திரியாமல் அதற்குள்ளேயே கணக்குப் பார்த்துப் பழகியிருக்கிறார்கள். மூன்றில் ஒன்று போன்றவற்றுக்குத்தான் அந்த வரிசையில் இடமில்லை.

பகுதி எண் சரியாக இருக்கிறது, ஆனாலும் விடை பிழை

1/4 + 1/5 = 2/20. இந்தப் பிள்ளைக்குப் பொது மடங்குகளுட் சிறியது எடுக்கத் தெரியும். 20 ஐக் கண்டுபிடித்துக் கீழே எழுதிய பிறகு மேலே மாற்றாமல் விட்டுவிட்டது. பகுதி எண்ணை மாற்றிவிட்டுத் தொகுதி எண்ணைத் தொடாமல் விட்டால் கால் ஏக்கராக இருந்த 40 பேர்ச், 1/20 ஆகி 8 பேர்ச்சாகிவிடும். கீழே எதால் பெருக்கினோமோ மேலேயும் அதால் பெருக்கினால்தான் காணி குறையாமல் இருக்கும். "ஒவ்வொரு வரியிலும் பேர்ச் மாறவில்லையே என்று பார்" என்று சொன்னால் போதும்.

3/4 + 5/6 = 38/24 என்று நிற்கும் கொப்பியையும் சிலர் பிழை போடுகிறார்கள். அது பிழை அல்ல, முடியாத விடை. 19/12, பிறகு 1 7/12. 24 க்குப் பதில் 12 ஐப் பகுதி எண்ணாக எடுத்திருந்தால் சுருக்கும் வேலை மிச்சம், அவ்வளவுதான்.

எட்டில் ஒன்று காலை விடப் பெரிது என்கிறது

8 பெரிது, 4 சின்னது, ஆகவே 1/8 பெரிது. சின்னப் பிள்ளைகள் இப்படி நினைப்பது இயல்பு. ஒரு றாத்தல் பாணை வெட்டிக் காட்டினால் முடிந்துவிடும். எட்டுப் பேருக்கு வெட்டும் பாணில் எவருக்கும் பெரிய துண்டு கிடைக்காது.

ஆனால் இந்த விளக்கத்தைக் கேட்ட பிள்ளை அடுத்த கிழமை மறு பக்கத்தில் விழும்: "கீழே சின்ன எண் இருந்தால் பின்னம் பெரிது" என்று பிடித்துக்கொண்டு 2/3 ஐ 7/8 ஐ விடப் பெரிது என்று எழுதும். தொகுதி எண் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் மட்டுமே அந்தக் குறுக்குவழி சரி. 5/6, 7/8 போன்றவற்றை ஒப்பிட, முழுதாக எவ்வளவு குறைகிறது என்று கேளுங்கள். முதலாவதில் 1/6 குறைகிறது, இரண்டாவதில் 1/8 குறைகிறது. குறைவாகக் குறைகிற 7/8 தான் பெரிது.

கலப்பு எண்ணைக் கழித்தால் தாறுமாறான விடை

3¼ − 1¾. சரியான விடை 1½. கொப்பியில் அடிக்கடி வரும் பிழையான விடைகள் இரண்டு.

ஒன்று 2½. முழு எண்ணில் 3 இலிருந்து 1 போக 2. பின்னத்தில் 1/4 இலிருந்து 3/4 போகாது என்று பிள்ளை திருப்பிப் போட்டு, 3/4 இலிருந்து 1/4 ஐக் கழித்துவிட்டது. முழு எண் கழித்தலில் 42 − 17 = 35 என்று எழுதும் பிள்ளையும் இதே பிள்ளைதான். அங்கே திருந்தாமல் இங்கே திருந்தாது. முதலில் அதைச் சரிபண்ணுங்கள்.

மற்றது 3. இதைப் பார்த்துப் பலர் தலையைச் சொறிவார்கள். எப்படி வந்தது என்றால், பிள்ளை கடன் வாங்கத் தெரிந்த பிள்ளை. 3 இலிருந்து ஒன்றைக் கடன் வாங்கி, பழக்கத்தில் அதைப் பத்தாக்கி, 1/4 இன் மேலே சேர்த்து 11/4 ஆக்கியிருக்கிறது. 2 11/4 − 1 3/4 = 1 8/4, அதாவது 3. மூன்றே கால் ஏக்கரில் ஒன்றே முக்கால் ஏக்கரை விற்ற பிறகும் மூன்று ஏக்கர் மிஞ்சியிருக்கிறது!

இதற்கு வீட்டில் இருக்கும் காணிப் பத்திரமே மருந்து. அளிப்புப் பத்திரத்தில் ஏக்கர், றூட், பேர்ச் என்று மூன்று எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். 3 ஏக்கர் 1 றூட்டிலிருந்து 1 ஏக்கர் 3 றூட் போக எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு ஏக்கரை உடைத்தால் 4 றூட் வரும், பத்து வராது. 2 ஏக்கர் 5 றூட்டில் 1 ஏக்கர் 3 றூட் போனால் மிச்சம் 1 ஏக்கர் 2 றூட். பின்னத்திலும் அப்படியே: ஒன்றை உடைத்தால் பகுதி எண் எதுவோ அத்தனை துண்டு வரும். காலில் 4, எட்டில் 8, பன்னிரண்டில் 12. இதே பத்திரத்தை வைத்து 2 ஏக்கர் 1 றூட் 20 பேர்ச் என்பதைப் பின்னமாக எழுதச் சொல்லலாம். ஒரு றூட்டும் 20 பேர்ச்சும் 60 பேர்ச், 60/160 என்றால் 3/8. ஆகவே 2⅜ ஏக்கர். பரப்பில் கேட்கும் அம்மம்மாவுக்கு அந்த 3/8 ஆறு பரப்பு.

கடன் வாங்குவதே குழப்பம் என்றால் கீழிருந்து மேலே எண்ணிப் போகவிடுங்கள். 1¾ இலிருந்து 2 க்கு ¼, அங்கிருந்து 3¼ க்கு 1¼, மொத்தம் 1½. கடையில் மிச்சக்காசு எண்ணித் தருவதும் இப்படித்தான். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். பரீட்சையில் செய்கை காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் மற்றதை எழுதலாம்.

2½ ஐ 3½ ஆல் பெருக்க 6¼ வருகிறது

முழுதை முழுதோடு, பாதியைப் பாதியோடு பெருக்கியிருக்கிறார்கள். இரண்டரையின் பக்கத்தில் 3 ஐ மட்டும் வைத்தாலே ஏழரை வருகிறது. மூன்றரையை வைத்தால் அதற்கு மேலே போக வேண்டும். ஆறேகால் எப்படி வரும்?

ஒரு பாத்தியைக் கீறுங்கள், ஒரு பக்கம் 3½ மீற்றர், மறுபக்கம் 2½ மீற்றர். அதை 3 உம் ½ உம் ஆகவும், 2 உம் ½ உம் ஆகவும் பிரித்துக் கோடு போட்டால் நாலு துண்டு தெரியும்: பெரிய துண்டு 6, ஓரத்தில் ஒன்று 1, அடியில் ஒன்று 1½, மூலையில் சின்னதாக ¼. கூட்டினால் 8¾ சதுர மீற்றர். பிள்ளை எடுத்தது பெரிய துண்டையும் மூலைத் துண்டையும். ஓரத்தில் உள்ள இரண்டும் விடுபட்டுவிட்டன. படத்தைப் பார்த்த பிறகு 5/2 × 7/2 = 35/4 என்ற வழியைக் காட்டினால் அது ஏன் வேலை செய்கிறது என்று கேள்வி எழாது.

பெருக்கல் விடை சின்னதாவதைப் பார்த்துப் பயந்து, சரியான விடையை அழிக்கும் பிள்ளைகளும் உண்டு. 1/2 × 1/3 = 1/6. பெருக்கினால் கூடத்தானே வேண்டும்? இங்கே பெருக்கல் குறியை "இன்" என்று வாசிக்கப் பழக்குங்கள். இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகத்துக்கு எல்லாக் காணிக்கும் நீர் காணாத ஆண்டில், கூட்டம் வைத்துக் காணியில் ஒரு பங்குக்கு மட்டும் நீர் என்று தீர்மானிப்பார்கள். 3 ஏக்கரில் பாதிக்கு நீர், அந்தப் பாதியில் மூன்றில் ஒன்றுக்குப் பயறு போடுவதென்றால், பயறு எவ்வளவு? 3 இன் 1/2 ஒன்றரை ஏக்கர், அதன் 1/3 அரை ஏக்கர். மூன்று ஏக்கரில் அரை ஏக்கர், ஆறில் ஒன்று.

எல்லாம் சரியாகச் செய்தும் வசனக் கணக்கு பிழைக்கிறது

ஒருவர் தன் காணியில் 1/3 ஐ மகளுக்கும், மிகுதியில் 1/4 ஐ மகனுக்கும் கொடுத்தார். மீதி எவ்வளவு? பிள்ளை 1/3 + 1/4 = 7/12, மீதி 5/12 என்று பிழையில்லாமல் கூட்டிக் கழித்து வைத்திருக்கும். செய்கை அத்தனையும் சரி, விடை பிழை.

"மிகுதியில்" என்ற சொல்லை வாசிக்காமல் தாண்டியதுதான் காரணம். மகளுக்கு முழுக் காணியின் 1/3. மகனுக்கு மீதமிருந்த 2/3 இன் 1/4, அதாவது 1/6. மொத்தம் பாதி போய்விட்டது, பாதி இருக்கிறது. இப்படியான கணக்கில் பின்னம் ஒவ்வொன்றின் மேலும் "எதில்?" என்று பென்சிலால் எழுதவைக்கலாம். அல்லது வசதியான ஒரு காணி அளவை எடுத்துக்கொள்ளலாம்: 6 ஏக்கர் என்று வையுங்கள், மகளுக்கு 2, மிகுதி 4 இல் மகனுக்கு 1, மீதி 3. புலமைப்பரிசில் பிள்ளைகளுக்கு இந்த இரண்டாவது வழி சட்டென்று பிடிபடும்.

வகுத்தால் பெரிய எண் வருகிறது, அல்லது மிச்சம் சரியில்லை

6 ÷ 1/2 = 3 என்று எழுதிய பிள்ளை "அரையாக வகுத்தல்" என்று எடுத்துக்கொண்டு 2 ஆல் வகுத்துவிட்டது. "ஆறுக்குள் எத்தனை அரை இருக்கிறது?" என்று கேட்டால் 12 என்று அதே வாயால் சொல்லும்.

6 ÷ 3/4 க்கு 4½ வந்தால் தலைகீழாக்காமலே பெருக்கியிருக்கிறது. 1/8 வந்தால் 3/4 ஐ விட்டுவிட்டு 6 ஐத் தலைகீழாக்கியிருக்கிறது. திருப்ப வேண்டியது எதால் வகுக்கிறோமோ அதைத்தான். தேனை வைத்துப் பாருங்கள். காட்டுத் தேன் இங்கே போத்தல் கணக்கில்தான் விலைப்படும், போத்தல் என்றால் 750 மில்லிலீற்றர், அதாவது முக்கால் லீற்றர். 6 லீற்றர் தேனை எத்தனை போத்தலில் விடலாம்? 4 போத்தலுக்கு 3 லீற்றர் போகும், ஆகவே 8 போத்தல். 6 × 4/3 = 8. அந்த 4/3 எங்கிருந்து வந்தது என்பதும் இதிலேயே தெரிகிறது: 3 லீற்றருக்கு 4 போத்தல் என்றால் ஒரு லீற்றருக்கு 4/3 போத்தல்.

இப்போது 7 லீற்றர் என்று மாற்றுங்கள். 7 × 4/3 = 28/3 = 9⅓. ஒன்பது போத்தலும், மிச்சம் மூன்றில் ஒரு லீற்றரும் என்று பிள்ளை எழுதும். பெரியவர்களில் பலரும் அப்படித்தான் சொல்வார்கள். அளந்து பார்த்தால் 9 போத்தலுக்கு 6¾ லீற்றர் போகிறது, சட்டியில் மிஞ்சுவது கால் லீற்றர். அப்படியென்றால் ⅓ எங்கே? அது மூன்றில் ஒரு போத்தல். 750 இல் மூன்றில் ஒன்று 250 மில்லிலீற்றர், கால் லீற்றர். நாம் எத்தனை போத்தல் என்று எண்ணத் தொடங்கினோம், ஆகவே விடை முழுக்கப் போத்தலில்தான் வரும், பின்னமும் போத்தலில்தான். யூரியாவை அந்தர்க் கணக்கில் பங்கிடும்போதும், துணியை வெட்டும்போதும் மிச்சத்தில் வரும் சண்டைக்குக் காரணம் இதுவே.

வெட்டக்கூடாததை வெட்டியிருக்கிறது

3/4 + 2/3 இல் மேலே உள்ள 3 ஐயும் கீழே உள்ள 3 ஐயும் வெட்டி 2/4 என்று எழுதினால், பெருக்கலில் பழகியதைக் கூட்டலில் செய்திருக்கிறது. முக்காலோடு இன்னொரு பின்னத்தைக் கூட்டப் பாதி வருமா என்று கேட்டாலே போதும். இடையில் பெருக்கல் குறி இருந்தால் மட்டும் வெட்டலாம்.

16/64 இல் 6 ஐ வெட்டி 1/4 என்று எழுதும் பிள்ளையைத் திருத்துவது கொஞ்சம் சங்கடம், விடை சரியாக அல்லவா வந்திருக்கிறது! 19/95, 26/65, 49/98 ஆகியவற்றிலும் இந்தத் தற்செயல் நடக்கும். 13/34 ஐக் கொடுத்து அதே வழியில் வெட்டச் சொல்லுங்கள். 1/4 வரும். 34 இன் கால் எட்டரை, 13 அல்ல.

செய்கை வரிசையும் தொலைபேசியும்

மேல் வகுப்புக் கொப்பிகளில் 3/4 ÷ 1/2 இன் 3 க்கு 4½ என்று விடை இருந்தால், இடமிருந்து வலமாகவே போயிருக்கிறார்கள். நம் பாடத்திட்டத்தில் அடைப்புக்கு அடுத்தது "இன்", வகுத்தல் அதற்குப் பிறகுதான். 1/2 இன் 3 முதலில் 3/2 ஆகும்; 3/4 ÷ 3/2 = 1/2.

விடையைத் தொலைபேசியில் சரிபார்க்கும் வீடுகளில் இன்னொரு குழப்பம். 3/4 ÷ 1/2 க்குப் பிள்ளை 1½ என்று சரியாக எழுதியிருக்க, தொலைபேசி 0.375 என்று காட்டும். 3 ÷ 4 ÷ 1 ÷ 2 என்று வரிசையாக அழுத்தினால் அது கடைசி 2 ஆலும் வகுத்துவிடும். (3 ÷ 4) ÷ (1 ÷ 2) என்று அடைப்புப் போட்டு அழுத்துங்கள், 1.5 வரும். அடைப்புக்குறி இல்லாத சின்னக் கணிப்பான் என்றால் 3 ÷ 4 × 2 என்று அழுத்தினாலும் அதுவே. மூன்றில் ஒரு ஏக்கரைப் பேர்ச்சாக்க 0.33 × 160 என்று அழுத்தினால் 52.8 தான் காட்டும். 160 ÷ 3 என்று அழுத்தினால் 53.33, கொப்பியில் எழுத வேண்டியது 53⅓.